மழையில் நின்ற வாகனத்தின் பிறேக் சத்தம்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை?

மாரிகாலம் வந்துவிட்டால் எமது வீடுகளில் நனையாமல் காப்பாற்ற வேண்டியவை பல. விறகு, நெல், பிள்ளைகளின் பாடசாலைப் புத்தகங்கள் எனப் பட்டியல் நீளும். வாகனத்துக்கென்று தனிக் கொட்டகை வைத்திருப்பவர்கள் எம்மில் மிகச் சிலரே. காரோ, வானோ, முச்சக்கரவண்டியோ பெரும்பாலும் முற்றத்து வேம்பின் கீழ், ஒரு தறப்பாள் போர்வையுடன் அல்லது அதுவும் இல்லாமல், இரவு முழுவதும் மழையில் நிற்கின்றது. மறுநாள் காலையில் அதனை வெளியே எடுத்துப் பிறேக்கை மிதித்தவுடன் "கரகர" என்றொரு சத்தம் கேட்கின்றது.

இச்சத்தத்தைக் கேட்பவர்கள் பொதுவாக இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். சிலர் பயந்துபோய் உடனே கராஜுக்குக் கொண்டு செல்கின்றனர். அங்கு சொல்லப்படும் செலவை, அது தேவையானதா என்று தெரியாமலேயே கடன்பட்டுக் கொடுக்கின்றனர். வேறு சிலர், "மழைக்கு அப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகின்றனர். முதலாவது கையில் உள்ள காசைக் கரைக்கின்றது. இரண்டாவது சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாக முடிகின்றது. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருக்கின்றது. சத்தத்தை உற்றுக் கேட்டு, அது எத்தகையது என்று நாமே ஓரளவுக்குப் பிரித்தறிவதே அவ்வழி. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் எதுவும் தேவையில்லை.

பெண்கள் ஏன் இதனை அறிந்திருக்க வேண்டும்?

2009ஆம் ஆண்டு மே மாதம் யுத்தம் முடிவுக்கு வந்தபோது, வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரக்கணக்கான குடும்பங்களின் பொறுப்பு பெண்களின் தோள்களில் விழுந்திருந்தது. கணவனை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடிக்கொண்டிருப்பவர்களும், அங்கவீனமடைந்த கணவனைப் பராமரிப்பவர்களும் இவர்களுள் அடங்குவர். இன்று இவர்களில் பலர் ஸ்கூட்டியில் வேலைக்குச் செல்கின்றனர். சிலர் முச்சக்கரவண்டி ஓட்டுகின்றனர், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகின்றனர், தையல் வேலைகளையும் உணவுப் பொதிகளையும் கடைகளுக்குக் கொண்டு சென்று கொடுக்கின்றனர். வாகனம் ஒருநாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

அத்துடன், எமது வீதிகளில் ஓடுபவற்றில் பழைய வாகனங்களே அதிகம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு, தனிப்பட்ட பாவனைக்கான கார்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. வருடந்தோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு நாம் எடுக்கும் புகைச் சான்றிதழ், புகையைப் பற்றி மாத்திரமே சொல்கின்றது. பிறேக்கைப் பற்றி அதில் எதுவும் இல்லை. எனவே சொந்தக் காரின் பிறேக்கைக் கவனிக்கும் பொறுப்பு அதனை ஓட்டுபவரிடமே இருக்கின்றது.

சமூகவியல் ரீதியாக நோக்கினால், இயந்திரம் ஆண்களுக்குரியது என்ற கருத்து இயற்கையாக அமைந்த ஒன்றல்ல. பழக்கத்தால் உருவாக்கப்பட்டதாகும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதையும், சைக்கிள் டைனமோவில் வானொலி பாடியதையும் கண்ட சமூகம் எமது சமூகம். தேவை வந்தபோது நாம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டோம். பிறேக்கும் அப்படித்தான்.

பிறேக் எவ்வாறு வேலை செய்கின்றது?

பிறேக்கில் பிரதானமாக இரண்டு வகைகள் உள்ளன. முதலாவது டிஸ்க் பிறேக். சில்லுடன் சேர்ந்து சுற்றும் ஓர் இரும்புத் தட்டை, இருபுறமும் இருந்து இரண்டு பிறேக் பாட்கள் இறுக்கிப் பிடிக்கும். இரண்டாவது ட்ரம் பிறேக். சட்டி போன்ற ஓர் இரும்புக் கூட்டுக்குள் பிறை வடிவிலான இரண்டு பிறேக் சூக்கள் இருக்கும். பிறேக்கை மிதிக்கும்போது அவை வெளிநோக்கி விரிந்து சட்டியின் உட்சுவரில் உரசும். சிறிய கார்கள் பலவற்றில் முன்சில்லுகளில் டிஸ்க்கும் பின்சில்லுகளில் ட்ரம்மும் உள்ளன. எமது பகுதியில் ஓடும் முச்சக்கரவண்டிகளில் பொதுவாக மூன்று சில்லுகளிலும் ட்ரம் பிறேக்தான்.

இத்தட்டும் சட்டியும் பெரும்பாலும் வார்ப்பிரும்பினால் ஆனவை. உரசும் பகுதி என்பதால் அதற்குப் பெயின்ற் பூசி வைக்க முடியாது. வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் வைத்தால், காலையில் அதன் மேல் செம்மஞ்சள் நிறத்தில் துரு படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிறேக் தட்டிலும் அதுவே நடக்கின்றது. கடற்கரையை அண்டிய ஊர்களில் காற்றிலுள்ள உப்பு இதனை மேலும் விரைவாக்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தோசைக்கல்லுக்கு எண்ணெய் பூசி வைக்கலாம். பிறேக்குக்கு ஒருபோதும் எண்ணெய் பூசக்கூடாது.

ஓர் இரவு மழையில் படிந்த துரு மெல்லிய படலம் மாத்திரமே. வாகனம் ஓடத் தொடங்கிப் பிறேக்கைச் சில தடவைகள் பிடிக்கும்போது, பாட்களே அத்துருவை உரசி அகற்றிவிடும். காலையில் கேட்கும் "கரகர" சத்தம் பெரும்பாலும் இதுதான். ஐந்து பத்துத் தடவைகள் பிறேக் பிடித்தபின் அது நின்றுவிட்டால் பயப்படத் தேவையில்லை. ஹைபிரிட் கார்களில் வேகம் குறையும்போது மோட்டாரும் வாகனத்தை மெதுவாக்குவதால் பிறேக் பாட்களுக்கு வேலை குறைவு. ஆகவே அவற்றில் துரு நீங்கச் சற்றுக் கூடுதலான நேரம் எடுக்கலாம்.

மூன்று கேள்விகளைக் கேளுங்கள்

சத்தம் நிற்கவில்லை என்றால் உங்களை நீங்களே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, எப்போது கேட்கின்றது? பிறேக் பிடிக்கும்போது மட்டுமா, பிடிக்காமல் ஓடும்போதுமா? முதல் ஒரு கிலோமீற்றரில் மட்டுமா, நாள் முழுவதுமா?

இரண்டாவது, எங்கிருந்து கேட்கின்றது? முன்சில்லா, பின்சில்லா, வலதா, இடதா? இதனை அறிய இலகுவான வழி ஒன்று உண்டு. ஆட்கள் இல்லாத ஒழுங்கையில், யன்னல்களைத் திறந்துவிட்டு, ஒரு மதிலை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். மதிலில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்கும். பின்னர் மறுபுறமாகத் திரும்பி வந்து, மதில் அடுத்த பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். எந்தப் பக்கத்தில் சத்தம் கூடுதலாக இருக்கின்றதோ அப்பக்கச் சில்லையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, என்ன விதமான சத்தம்? பின்வருவன நாம் அடிக்கடி கேட்பவையாகும்.

"கரகர" என்று தொடங்கிச் சில நிமிடங்களில் நிற்பது: மேலே சொன்ன மெல்லிய துரு. ஆபத்தில்லை.

வாகனம் நகரத் தொடங்கும்போது ஒரேயொரு "டக்": ஹான்ட் பிறேக் இழுத்தபடி ஈரத்தில் நின்றதால் பிறேக் சூ ட்ரம்முடன் ஒட்டியிருந்து விடுபட்ட சத்தம். ஒருநாள் நடந்தால் பரவாயில்லை. அடிக்கடி நடந்தால் ட்ரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

"டப், டப்" என்று சில்லு சுற்றும் ஒழுங்கில் கேட்பது: வாகனம் ஒரு வாரம், இரண்டு வாரம் நனைந்தபடி நின்றிருந்தால், பாட் இருந்த இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் துரு வேறுபட்டிருக்கும். சில நாட்கள் ஓடியும் நிற்காவிட்டால் தட்டைப் பரிசோதிக்க வேண்டும்.

மெல்லிய "கீச்" சத்தம், நாள் முழுவதும்: பாட் தேய்ந்து வருவதன் அறிகுறியாக இருக்கலாம். பல கார்களின் பாட்களில் ஒரு சிறிய உலோக நாக்கு வைக்கப்பட்டுள்ளது. பாட் தேய்ந்து மெலிந்ததும் அது தட்டில் உரசி வேண்டுமென்றே சத்தம் போடும். தூசி படிந்தாலும் இப்படிக் கேட்கலாம். எதுவாயினும் ஒரு வாரத்துக்குள் காட்டுங்கள்.

பிறேக் பிடிக்கும்போது இரும்பும் இரும்பும் அரைபடும் "கர்ர்ர்" சத்தம், வெயில் நாளிலும் நிற்காதது: பாட் முழுவதும் தேய்ந்து, அதன் பின்னாலுள்ள இரும்புத் தகடே உரசுகின்றது. இது ஆபத்தானது. வாகனத்தை ஓட்டக்கூடாது.

பிறேக் பிடிக்காமல் ஓடும்போதும் விடாமல் உரசும் சத்தம்: தட்டுக்கும் அதன் பின்னாலுள்ள காவல் தகட்டுக்கும் இடையில் ஒரு சிறு கல் சிக்கியிருக்கலாம். அல்லது பிறேக் விடுபடாமல் இறுகி நிற்கலாம்.

வேகம் கூடக் கூட உறுமல் போலக் கூடி, பிறேக்கை மிதித்தாலும் மாறாதது: இது பெரும்பாலும் பிறேக் அல்ல. பெயாரிங்காக இருக்கலாம். அதுவும் உடன் கவனிக்க வேண்டியதே.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

சத்தத்துடன் பின்வருவனவற்றில் ஒன்றாவது சேர்ந்திருந்தால் வாகனத்தை எடுக்காதீர்கள். பிறேக் மிதி பஞ்சு போல இருப்பது அல்லது கீழே இறங்கிப் போவது, பிறேக் பிடிக்கும்போது வாகனம் ஒரு பக்கம் இழுப்பது, கருகிய மணம், சில்லின் உட்புறத்தில் எண்ணெய் போன்ற கசிவு, சிவப்புப் பிறேக் விளக்கு எரிந்துகொண்டே இருப்பது ஆகியவையே அவை. மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு விபத்துக்கு ஆகும் செலவை விடக் குறைவானதே.

ஒரு சில்லு இறுகி நிற்கின்றதா என்று அறிய, சிறிது தூரம் ஓடியபின் இறங்கி, ஒவ்வொரு சில்லின் நடுப்பகுதிக்கும் அருகில் புறங்கையைக் கொண்டு செல்லுங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். மற்றவற்றை விட ஒன்றிலிருந்து மாத்திரம் அதிக வெப்பம் வந்தால் அந்தப் பிறேக் விடுபடவில்லை என்று கொள்ளலாம்.

காலையில் செய்ய வேண்டிய சோதனை

மழையிரவுக்குப் பின் பிள்ளைகளையோ பயணிகளையோ ஏற்றுவதற்கு முன், ஐந்து நிமிடங்களை இதற்கு ஒதுக்குங்கள். இஞ்சினை இயக்கி, நின்ற இடத்திலேயே பிறேக்கை மிதித்துப் பாருங்கள். மிதி உறுதியாக நிற்க வேண்டும். பின்னர் முற்றத்தில் அல்லது ஆள் நடமாட்டம் இல்லாத ஒழுங்கையில் 10 முதல் 15 கிலோமீற்றர் வேகத்தில் சென்று, பின்னால் எவரும் வரவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, மென்மையாகப் பல தடவைகள் பிறேக் பிடியுங்கள். துருவும் போகும், ஈரமும் காயும்.

வெள்ளத்துக்குள் ஓட்டிய பின்னரும் இவ்வாறே மெதுவாகப் பிறேக் பிடித்துக் காயவைக்க வேண்டும். ஈரமான பிறேக் உடனே பிடிக்காது. ட்ரம்முக்குள் நீர் புகுந்தால் வெளியேற நேரம் எடுக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது ஏற்பட்டது போன்ற பெருவெள்ளத்தில், சில்லின் நடுப்பகுதிக்கு மேல் நீர் ஏறி நின்ற வாகனத்துக்கு இது போதாது. ட்ரம்களைத் திறந்து சேற்றைத் துடைத்து, பெயாரிங் கிறீசையும் பார்த்த பின்னரே ஓட்ட வேண்டும்.

பிறேக் ஒயிலையும் மறக்க வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது ஆகக்குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் இவ்வெல்லை 155 பாகை வரை இறங்கலாம். ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகி, மிதி வெறுமனே கீழே இறங்கும். இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

செய்யக்கூடாதவை

சத்தம் வருகின்றது என்பதற்காகப் பிறேக்குக்குத் தேங்காயெண்ணெய், இஞ்சின் ஒயில், கிறீஸ், துரு நீக்கும் ஸ்பிறே எதையும் விடாதீர்கள். சத்தம் நிற்கும். அதனுடன் பிறேக்கும் நின்றுவிடும்.

பிறேக் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ இடமளிக்காதீர்கள். பழைய பிறேக் பாகங்கள் சிலவற்றில் அஸ்பெஸ்டஸ் உண்டு. அது நுரையீரலைப் பாதிக்கும். ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பானது. வேலை நடக்கும் இடத்தில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.

இரவில் மழை வரும்போல் இருந்தால், சமதரையில் நிறுத்தி, மனுவல் வாகனமாயின் முதலாம் கியரிலும் ஓட்டோ வாகனமாயின் "பி" நிலையிலும் விட்டு, சில்லின் இருபுறமும் கட்டை வைத்து, ஹான்ட் பிறேக்கைத் தளர்த்தி வைக்கலாம். சரிவான இடத்தில் இவ்வாறு செய்யக்கூடாது.

கராஜில் என்ன கேட்க வேண்டும்?

எமது பகுதியில் பழைய வான் ஒன்றில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஒரு சகோதரி, மழைக்குப் பின் உரசல் சத்தம் கேட்டு கராஜுக்குச் சென்றார். நான்கு சில்லுகளுக்கும் எல்லாம் மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டது. அவர், "பிறேக் பிடிக்காதபோதும் சத்தம் வருகின்றது, முன் இடது சில்லில் மட்டும்தான். அதைக் கழற்றிக் காட்டுங்கள் தம்பி" என்று நிதானமாகக் கேட்டார். கழற்றியபோது காவல் தகட்டுக்குள் ஒரு கல் சிக்கியிருந்தது. பாட்களில் பாதிக்கு மேல் மீதி இருந்தது.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. முச்சக்கரவண்டி ஓட்டும் இன்னொரு சகோதரி, ஐப்பசியில் தொடங்கிய அரைபடும் சத்தத்தை மழையின் வேலை என்று எண்ணித் தை மாதம் வரை ஓடினார். கழற்றியபோது பிறேக் சூ தேய்ந்து முடிந்து, ட்ரம்மின் உட்சுவரும் ஆழமாகக் கீறப்பட்டிருந்தது. சூவுடன் முடிந்திருக்க வேண்டிய செலவில் ட்ரம்மும் சேர்ந்துகொண்டது. அதற்குள் விபத்து நேராதது அவருடைய அதிர்ஷ்டமே.

ஆகவே கராஜில் இவற்றைக் கேளுங்கள். சில்லைக் கழற்றி எனக்குக் காட்டுங்கள். பாட் எத்தனை மில்லிமீற்றர் மீதியிருக்கின்றது? புதிய பாட் பொதுவாக 10 மில்லிமீற்றரளவு தடிப்பானது. 3 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். தட்டின் ஆகக்குறைந்த தடிப்புப் பெரும்பாலும் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதனையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். மாற்றும்போது ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல், முன்னிரண்டும் அல்லது பின்னிரண்டும் சோடியாக மாற்றப்பட வேண்டும். கழற்றிய பழைய பாகங்களையும் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுபவர்கள் அல்லர். நேர்மையானவர் இக்கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

ட்ரம் பிறேக்கை வெளியிலிருந்து பார்த்து எதுவும் சொல்ல முடியாது. எனவே முச்சக்கரவண்டி வைத்திருப்பவர்கள் மாரிக்கு முன் ஒருமுறையும் மாரி முடிந்ததும் ஒருமுறையும் ட்ரம்மைக் கழற்றித் துப்புரவாக்குவது நல்லது. ஸ்கூட்டி வைத்திருப்பவர்கள், பிறேக் பிடியை விட்டவுடன் அது தடையின்றித் திரும்புகின்றதா என்று பாருங்கள். மழையில் கேபிள் துருப்பிடித்தால் பிடி மெதுவாகவே திரும்பும், பிறேக்கும் முழுமையாக விடுபடாது.

இறுதியாக, ஒரு பழைய கொப்பியை வாகனத்திலேயே வைத்திருங்கள். மழை பெய்த நாள், கேட்ட சத்தம், எந்தச் சில்லு, எத்தனை தடவை பிறேக் பிடித்தபின் நின்றது என்பவற்றை இரண்டு வரியில் எழுதுங்கள். வாகனத்தை வேறொருவர் கராஜுக்குக் கொண்டு செல்ல நேர்ந்தாலும் அக்கொப்பி உங்களுக்காகப் பேசும். இக்கட்டுரையை வாசிக்கும் சகோதரிகள், வாகனம் ஓட்டும் அயலவர்களுடனும் இவ்விடயங்களைப் பகிர்ந்துகொள்ளுங்கள். மாரியிலும் உங்கள் பயணங்கள் பாதுகாப்பாக அமையட்டும்.